கோழித் தீவனத்தில் எமல்சிஃபையர்: விற்பதற்கு முன் தெரிந்துகொள்வோம்



சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மளிகைக்கடை வைத்திருக்கும் இளம் உறுப்பினர் ஒருவர் ஒரு சாக்லேட் உறையை என்னிடம் காட்டினார். "எமல்சிஃபையர் 322, 476 என்று போட்டிருக்கிறதே, வாடிக்கையாளர் கேட்கிறார், என்ன சொல்வது?" என்றார். 322 என்பது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 476 ஆமணக்கெண்ணெயைக் கொண்டு செய்யப்படுவது. நம் ஆத்தூர், ஏத்தாப்பூர்ப் பக்கம் மானாவாரியில் விளைகிற அதே கொட்டைமுத்துதான் மூலப்பொருள் என்றதும் அவருக்கு ஆச்சரியம். அடுத்து அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "கோழித் தீவனத்தில் போட எமல்சிஃபையர் பவுடர் என்று ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பண்ணைக்காரர்களுக்கு விற்கலாமா? இரண்டும் ஒன்றுதானா?"

இந்தக் கேள்விக்கு 2022-ஆம் ஆண்டு கோடையில் எனக்குப் பதில் தெரிந்திருந்தால் ஒரு பழைய வாடிக்கையாளரிடம் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெறும் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் எண்ணெய் போகாது. அரப்போ சீயக்காயோ போட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். காரணம், அரப்பில் உள்ள பொருள் ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து தண்ணீரோடு கலந்துவிடுகிறது. இப்படிப் பிடித்துவைக்கும் பொருளுக்குத்தான் எமல்சிஃபையர் என்று பெயர். பாடப்புத்தகத் தமிழில் பால்மமாக்கி என்கிறார்கள்.

நாமக்கல்லில் தினமும் லாரி லாரியாக ஏற்றும் முட்டையே இதற்கு நல்ல உதாரணம். மஞ்சள் கருவில் பாதி தண்ணீர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அவை பிரிந்து நிற்காமல் ஒன்றாக இருப்பதற்கு உள்ளே இருக்கும் லெசித்தினும் ஒரு காரணம். தியோடர் கோப்ளே என்ற பிரெஞ்சுக்காரர் 1840-களில் முட்டை மஞ்சள் கருவிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார். மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார். இன்று முட்டையிலிருந்து எடுப்பது கட்டுப்படியாகாது. சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையில் முதலில் 'கம்' எடுப்பார்களே, அந்தப் பிசின் போன்ற கசடிலிருந்து லெசித்தின் கிடைக்கிறது.

கோழியின் உடம்பிலும் இந்த வேலை நடக்கிறது. கறிக்கடையில் ஈரலை எடுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் பச்சைப் பையைக் கடைக்காரர் எவ்வளவு ஜாக்கிரதையாக வெட்டி எறிகிறார் பாருங்கள். உடைந்தால் கறி முழுக்கக் கசப்பாகிவிடும். அதுதான் பித்தப்பை. தீவனத்தில் உள்ள எண்ணெய் குடலுக்கு வந்ததும் பித்தநீர் அதை அரப்புப் போட்டதுபோலப் பொடித்துளிகளாக்குகிறது. அதன் பிறகுதான் செரிமான நொதி அதை உடைக்க முடியும். உடைந்த கொழுப்பு குடல் சுவர் வழியாக உள்ளே போவதற்கும் பித்தம் வேண்டும்.

பெரிய கோழிக்கு இதில் குறைவில்லை. சிக்கல் குஞ்சுக்குத்தான். பொரித்த குஞ்சு முதல் சில நாட்கள் வயிற்றில் மீதமிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டு ஓட்டுகிறது. பித்தநீரும் நொதியும் போதுமான அளவு சுரக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். நாம் வைக்கும் தீவனமோ முதல் நாளிலிருந்தே சக்தி மிகுந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி பிரி-ஸ்டார்டர் தீவனத்தில் கிலோவுக்கு 3,000 கிலோகலோரி, ஸ்டார்டரில் 3,100, ஃபினிஷரில் 3,200 இருக்க வேண்டும். மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் மட்டும் போட்டு, புரதத்தையும் வைத்துக்கொண்டு இந்த அளவை எட்டுவது சிரமம் என்பதால்தான் எண்ணெய் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெயில் ஒரு பங்கு குஞ்சின் உடம்பில் சேராமல் எச்சத்தோடு வெளியே போகிறது.

வெளியே போவதோடு முடிந்தால் பரவாயில்லை. செரிக்காத கொழுப்பு குடலில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். அதனால் கொழுப்பும் நஷ்டம், சுண்ணாம்பும் நஷ்டம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போடுதான் உடம்பில் ஏறும் என்பதால் அவையும் குறைகின்றன. எச்சம் பிசுபிசுத்து ஆழ்கூளம் ஈரமாகிறது. ஈரக் கூளத்தில் அமோனியா நெடி ஏறும், கால் பாதம் புண்ணாகும், இருமல் வரும். பண்ணைக்காரர் மருந்துக்கடைக்கு ஓடுவார். எண்ணெய் சரியாகச் செரிப்பதற்கும் கோழியின் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

ஆகவே பித்தம் போதாத குறையை வெளியிலிருந்து ஈடுசெய்யலாம் என்ற எண்ணத்தில் வந்ததுதான் தீவன எமல்சிஃபையர். கடைக்கு வரும் சரக்கில் முக்கியமாக மூன்று வகை. ஒன்று, சாதாரண சோயா லெசித்தின். இரண்டாவது, லைசோலெசித்தின், லெசித்தினை நொதி கொண்டு பாதியாக நறுக்கியது. இது தண்ணீரோடு கூடுதலாகச் சேரும் குணமுள்ளது. கோழிக்குடலில் தண்ணீர்தான் அதிகம், எண்ணெய் கொஞ்சம். எனவே தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த எமல்சிஃபையர்தான் அங்கே நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். மூன்றாவது, ஆமணக்கெண்ணெயிலுள்ள ரிசினோலிக் அமிலத்தைக் கொண்டு செய்வது. இதுவும் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தீவனச் சேர்க்கைப் பட்டியலில் 484 என்ற எண்ணில் இடம்பெற்றது. சாக்லேட்டில் வரும் 476-க்கு இது பங்காளி முறை, ஆனால் அதுவே அல்ல. ஆகவே நம் இளம் உறுப்பினருக்குச் சொன்ன பதில்: குடும்பம் ஒன்று, ஆள் வேறு.

ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். 2009-இல் ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு ஆமணக்கை வெளியிட்டதும் அந்த நிலையம்தான். கொட்டைமுத்து என்றால் விளக்கெண்ணெய், சோப்பு, பேதி மருந்து என்றுதான் நம் தலைமுறை நினைத்தது. உலகச் சந்தையில் ஆமணக்கெண்ணெயின் பெரும்பகுதி இந்தியாவினுடையது, அதிலும் குஜராத்தினுடையது. அது போகும் இடங்களில் தீவனமும் ஒன்று என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. சூரியகாந்தி எண்ணெய்க்கு நாம் பெரிதும் நம்பியிருந்தது அந்த நாட்டைத்தான். ஒரே மாதத்தில் எல்லா எண்ணெயும் விலை ஏறியது. ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. மே 23-இல்தான் மீண்டும் திறந்தது. எண்ணெய், புண்ணாக்கு, தவிடு மொத்த வியாபாரம் செய்பவன் நான். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை சொல்ல வேண்டிய நிலை. தவிட்டெண்ணெய் கேட்டு வரும் பண்ணைக்காரர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அந்தச் சமயம் பார்த்து, மார்ச் மாதக் கடைசியில் ஒருவர் பை நிறைய நோட்டீசோடு கடைக்கு வந்தார். "டன்னுக்கு ஒரு கிலோ இந்தப் பவுடர் போட்டால் போதும், எண்ணெயே தேவையில்லை" என்றார். ஒரு டம்ளர் தண்ணீரில் எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை பவுடர் போட்டுக் கலக்கிக் காட்டினார். பால்போல வெளுத்து நின்றது. கண்ணால் பார்த்ததை நம்பாமல் இருக்க முடியுமா? நானும் வாங்கிப் போட்டேன்.

இராசிபுரம் பக்கம் ஒரு தம்பி. கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாமல் சொந்தமாகக் குஞ்சு வாங்கி, சொந்தமாகத் தீவனம் அரைத்து, 3,000 கோழி வளர்ப்பவர். பதினைந்து வருடமாக என்னிடம்தான் எண்ணெயும் தவிடும் எடுக்கிறார். விலையைக் கேட்டுத் திகைத்து நின்றவரிடம், நோட்டீசில் இருந்ததை நானே வாயால் சொன்னேன். அவர் எண்ணெயை முழுக்க நிறுத்திவிட்டு, அந்த எடைக்கு மக்காச்சோளத்தைப் போட்டு, பவுடரைக் கலந்தார்.

மே மாதம் நடுவில் கோழி பிடித்தார்கள். மறுநாள் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு வந்து நின்றார். "ஏனுங்கண்ணா, கோழி எடையே வரலீங்களே. எப்பவும் வர்றதுக்கு ஒண்ணுக்கு இருநூறு கிராம் கம்மிங்க. தீவனம் மட்டும் குறையாமத் தின்னிருக்குதுங்க" என்றார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. 3,000 கோழிக்கு 200 கிராம் என்றால் 600 கிலோ. அவர் கணக்கில் இருந்த பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்தேன். மிச்சமிருந்த பவுடரைத் திருப்பி எடுக்கக் கூப்பிட்டபோது, விற்றவர் போனை எடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இரண்டு மூட்டைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு தாளை எடுத்து நம் கடைக் கணக்குப்போலவே போட்டுக் காட்டினார். எல்லோருக்கும் உபயோகப்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

எண்ணெய் ஒரு கிலோவில் கோழிக்குக் கிடைக்கும் சக்தி சுமார் 8,800 கிலோகலோரி. மக்காச்சோளத்தில் சுமார் 3,350. ஒரு கிலோ எண்ணெயை எடுத்துவிட்டு ஒரு கிலோ சோளம் போட்டால் 5,450 குறைகிறது. டன்னுக்கு 30 கிலோ எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் முழுவதையும் நிறுத்தினால் 1,63,500 குறையும்; அதாவது தீவனத்தில் கிலோவுக்கு 163. நல்ல எமல்சிஃபையரை வைத்துச் செய்யும் சோதனைகளிலேயே பொதுவாகக் கிலோவுக்கு 50 முதல் 100 வரை குறைத்துத்தான் பார்க்கிறார்கள். அதுவும் தீவனத்தில் எண்ணெய் இருக்கும்போது. "எமல்சிஃபையர் சக்தியை உண்டாக்காதுங்க, இருக்கிற எண்ணெய் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும். எண்ணெயே இல்லை என்றால் அது எதைப் போய்ப் பொடியாக்கும்?" என்றார் அந்த மருத்துவர்.

இன்னொன்றும் சொன்னார். கோடையில் எண்ணெயை எடுத்தது இரட்டைத் தவறு. மற்ற சத்துகளைக் காட்டிலும் கொழுப்பு செரிக்கும்போது உடம்பில் உண்டாகும் சூடு குறைவு. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் கோழி மூச்சு வாங்கிக்கொண்டு தீவனத்தையே குறைவாகத் தின்னும். கொஞ்சம் தின்றாலும் சக்தி கிடைக்கவேண்டும் என்றால் எண்ணெய் இருக்கத்தான் வேண்டும். தவிர, எண்ணெய் இல்லாத மாவுத் தீவனம் தூசி பறக்கும். அந்தத் தூசியும் கோழியின் மூச்சுக்கு ஆகாது. டம்ளரில் பால்போல் கலங்கியதைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். துணி சோப்புத் தூளைப் போட்டாலும் அப்படித்தான் கலங்கும் என்றார். டம்ளரில் கலங்காத சரக்கு நிச்சயம் உதவாது. கலங்குவதால் மட்டும் நல்ல சரக்கு என்று ஆகிவிடாது.

சரி, ஒழுங்கான சரக்கை ஒழுங்காகப் போட்டால் பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் நோட்டீசில் போடும் அளவுக்கு இல்லை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரியும் இல்லை. உலகம் முழுக்கச் செய்த சோதனைகளில் கொழுப்புச் செரிமானம் கூடுவது பல முறை தெரிந்திருக்கிறது. எஃப்.சி.ஆர். சிறிதளவு இறங்குவதும் தெரிந்திருக்கிறது. உடல் எடையில் சில சோதனைகளில் முன்னேற்றம், சிலவற்றில் ஒன்றுமில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். குஞ்சுப் பருவத்தில் பலன் அதிகம், பிறகு குறையும். பாமாயில், மாட்டுக் கொழுப்பு போன்ற உறையும் கொழுப்பில் பொதுவாகப் பலன் அதிகம். சோயா எண்ணெய் தானாகவே நன்றாகச் செரிப்பதால் அதில் குறைவு. எண்ணெய் அளவு மிகக் குறைவான தீவனத்தில் செலவுதான் மிச்சம். முட்டைக்கோழித் தீவனத்தில் எண்ணெய் சேர்ப்பதே குறைவு. ஆகவே நாமக்கல்லில் பெரும்பான்மையாக இருக்கும் லேயர் பண்ணைகளுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போவதில் அதிகப் பயன் இல்லை. கறிக்கோழிக்குத்தான் இது.

பண்ணைக்காரர் இதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். எண்ணெயைக் குறைக்காமல் மேலே சேர்த்து, கூடுதல் வளர்ச்சியை எதிர்பார்க்கலாம். அல்லது எண்ணெயைக் கொஞ்சம் குறைத்து, பழைய வளர்ச்சியையே குறைந்த செலவில் பெறலாம். ஒரே மூட்டையில் இரண்டும் கிடைக்கும் என்று சொல்பவரை உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எண்ணெய் குறைக்கும் வழிக்குக் கணக்கு இது. கிலோவுக்கு 50 கிலோகலோரி விட்டுக்கொடுத்தால் டன்னுக்கு சுமார் 9 கிலோ எண்ணெயை எடுத்துச் சோளம் போடலாம். உதாரணத்துக்கு எண்ணெய் 100 ரூபாய், சோளம் 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 75 மிச்சம், 9 கிலோவுக்கு 675. எமல்சிஃபையர் டன்னுக்கு 500 கிராம், கிலோ 300 ரூபாய் என்றால் செலவு 150. நிகரமாக 525 ரூபாய் நிற்கிறது. அதே எண்ணெய் 70 ரூபாய்க்கு இறங்கினால் மிச்சம் 405, நிகரம் 255. அப்போது பவுடர் கிலோ 800 ரூபாய் என்றால் செலவு 400. கையில் நிற்பது வெறும் 5 ரூபாய். ஆகவே எண்ணெய் விலை ஏறும்போது மட்டும் இந்தப் பவுடர்காரர்கள் ஏன் வருகிறார்கள் என்பது புரியும்.

மேலே சேர்க்கும் வழிக்கு வேறு கணக்கு. 5,000 கோழிக்குச் சுமார் 17 டன் தீவனம், அதற்கு எட்டரைக் கிலோ பவுடர், அதே 300 ரூபாய் விலையில் 2,550. இரண்டு கிலோ கோழிக்கு எஃப்.சி.ஆர். 1.70 இருந்தது 1.65-க்கு இறங்கினால், கோழிக்கு 100 கிராம் தீவனம் மிச்சம். மொத்தம் 500 கிலோ. தீவனம் கிலோ 40 ரூபாய் என்றால் 20,000 ரூபாய். இறக்கம் 0.01 மட்டும்தான் என்றால் 4,000. ஒன்றும் இறங்கவில்லை என்றால் 2,550 போனது போனதுதான். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைத் தராசும் நோட்டும் வைத்துப் பதிவு செய்யும் பண்ணைக்காரரால்தான் கண்டுபிடிக்க முடியும். வெயில், குஞ்சின் தரம், இறப்பு விகிதம் எல்லாமே அந்த 0.05-ஐ விழுங்கக்கூடியவை. வசதி இருந்தால் ஒரு செட்டில் போட்டு, பக்கத்துச் செட்டில் போடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆரோக்கியம் பற்றி நோட்டீசில் நிறையப் போடுகிறார்கள். ஈரலில் கொழுப்புப் படிவது குறையும், குடல் பலப்படும் என்றெல்லாம். சில ஆய்வுகளில் அப்படிப்பட்ட நல்ல மாற்றங்கள் தென்பட்டதாக எழுதியிருக்கிறார்கள், சிலவற்றில் தெரியவில்லை. கூளம் காய்ந்திருப்பது, வைட்டமின் சேர்வது இவற்றை எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது மருந்து அல்ல. தடுப்பூசிக்குப் பதில் அல்ல, ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலும் அல்ல. ஐரோப்பாவில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதை 2006 ஜனவரி முதல் நிறுத்தினார்கள். நம் நாட்டில் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்கு கொலிஸ்டின் மருந்தை 2019 ஜூலையில் தடை செய்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் அதற்குப் பிறகு கடைக்கு வரும் பவுடர் எதுவானாலும் "ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்று" என்ற வார்த்தையை ஒட்டிக்கொண்டு வருகிறது. எமல்சிஃபையர் கிருமியைக் கொல்வதில்லை. நோய் வந்த பண்ணைக்கு இதைக் கொடுத்து அனுப்பினால் கோழியும் போகும், நம் பேரும் போகும்.

கறி சாப்பிடுகிறவருக்குக் கெடுதலா என்றும் கேட்பார்கள். லெசித்தின் முட்டையிலும் சோயாவிலும் இயற்கையாக இருப்பது. கோழி அதைச் செரித்துக் கொழுப்பாகவே பயன்படுத்திக்கொள்கிறது. 2015-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஒரு ஆராய்ச்சியில், மனித உணவில் சேர்க்கும் இரண்டு செயற்கை எமல்சிஃபையர்கள் குடலின் உட்பூச்சைப் பாதித்து அழற்சி உண்டாக்கியதாகக் கண்டார்கள். அவை கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80. லெசித்தின் அந்த இரண்டில் ஒன்று அல்ல. இருந்தாலும் 'எமல்சிஃபையர்' என்ற ஒரே பெயருக்குள் பல பொருள் இருப்பதால், எந்தப் பொருள் என்று கேட்காமல் வாங்கக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். மளிகைக்கடைக்காரர்களுக்கு ஒரு துணைச் செய்தி: 471 என்ற எண் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. உறையில் உள்ள பச்சைப் புள்ளியைக் காட்டிப் பதில் சொல்லுங்கள்.

சரக்கு வாங்கும்போது நான் இப்போது என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் பொருளின் பெயர் என்ன, எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் கேட்கிறேன். பவுடராக வருவது முழுவதும் எமல்சிஃபையர் அல்ல; எண்ணெய் போன்ற பொருளைத் தவிட்டிலோ சிலிக்காவிலோ ஏற்றித்தான் பவுடராக்குகிறார்கள். நூற்றுக்கு முப்பது இருக்கும் சரக்கும் அறுபது இருக்கும் சரக்கும் ஒரே அளவு பையில், ஒரே நிறத்தில் வரும். திரவ லெசித்தின் என்றால் 'அசிட்டோனில் கரையாத பகுதி' எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல வணிகத் தரச் சரக்கில் அது 60 சதவீதத்துக்குக் குறையாது. மிச்சம் பெரும்பாலும் சோயா எண்ணெய்தான். இந்தக் கேள்வியைக் கேட்டதுமே சில பேர் நோட்டீசை மடித்து வைத்துவிடுகிறார்கள். பில்லில் எந்த எச்.எஸ்.என். எண் போடுகிறார்கள் என்பதையும் பார்த்து, வரி விஷயத்தை உங்கள் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணெய் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயை எமல்சிஃபையர் சரிப்படுத்தாது. அரிசி ஆலையில் தவிடு விழுந்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள நொதி எண்ணெயைப் புளிக்க வைக்கத் தொடங்கிவிடும் என்பது நமக்குத் தெரிந்ததே. பழைய தவிட்டில் எடுத்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், அதைக் கோழி சரியாகச் செரிக்காது. கெட்ட எண்ணெயை மலிவாக வாங்கி, மேலே பவுடர் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை நம் ஊர்களில் உலவுகிறது. சிக்குப் பிடித்த எண்ணெயைப் பொடித்துளியாக்கி இன்னும் நன்றாகக் கோழிக்குள் ஏற்றுவது யாருக்கு லாபம்? தீவனத்திலோ எண்ணெயிலோ சந்தேகம் இருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. 1985 முதல் நம் வாசலில் இருக்கும் கல்லூரி. கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஒரு லோடு எண்ணெயின் விலைக்கு முன்னால் அந்தக் கட்டணம் பெரிதல்ல.

இராசிபுரம் தம்பி ஐந்து மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை. வேறு இடத்தில் எண்ணெய் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். ஐப்பசியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. மருத்துவர் போட்டுக்கொடுத்த கணக்கை அவரிடம் சொன்னேன். நான் சொன்னது தவறு என்பதையும் சொன்னேன். "உடுங்கண்ணா, நீங்களும் தெரியாமத்தானே சொன்னீங்க" என்றார். அடுத்த பேட்ச்சுக்கு வந்தார். இப்போது முதல் மூன்று வாரத் தீவனத்தில் மட்டும் லைசோலெசித்தின் போடுகிறார். எண்ணெயில் டன்னுக்கு ஐந்து, ஆறு கிலோ குறைத்திருக்கிறார், அதற்கு மேல் இல்லை. கோடையில் அதையும் குறைப்பதில்லை. எடை பழையபடி நிற்கிறது. கூளம் முன்னைவிடக் காய்ந்திருப்பதாகச் சொல்கிறார். அதற்குப் பவுடர்தான் காரணமா, புதிதாக மாற்றிய நிப்பிள் குழாய்தான் காரணமா என்று இருவருக்கும் தெரியவில்லை.

என் கடையில் ஒரு வழக்கம் புதிதாக வந்திருக்கிறது. தீவனச் சேர்க்கை எது வந்தாலும், லாட் ஒன்றுக்கு அரைக் கிலோ எடுத்துப் பாட்டிலில் அடைத்து, பில் நம்பரும் தேதியும் எழுதி ஒட்டி, அந்தச் சரக்கு தின்ற கோழி பிடித்து முடியும் வரை வைத்திருக்கிறோம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை முழுக்க அந்தப் பாட்டில்கள்தான். வருகிறவர்கள் ஊறுகாய் வியாபாரமும் ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்கிறார்கள்.